இடம் சாயும் கண்ணி, வலம் சாயும் கண்ணி: கூட்டிய இடம் சரியாக வராவிட்டால் எங்கே பார்ப்பது, எப்படித் திருத்துவது

ஊசிப் பின்னலில் (நிட்டிங்) கையுறையின் கட்டைவிரல் முக்கோணத்திலும் ஸ்வெட்டரின் ராக்லன் கோட்டிலும் (கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாக இறங்கும் கோடு) கண்ணி கூட்டுவது, அதாவது ஊசியில் புது வளையம் சேர்ப்பது, ஜோடியாகத்தான் வரும். ஒன்று இடப்பக்கம் சாய வேண்டும், இன்னொன்று வலப்பக்கம். பேட்டர்னில் (பின்னல் குறிப்பில்) எம்1எல் (இடம் சாய்வது), எம்1ஆர் (வலம் சாய்வது) என்று இரண்டே குறியீட்டில் முடித்துவிடுவார்கள். செய்முறை மனப்பாடமாக இருந்தும் ஒரு பக்கம் சுத்தமாகவும் மறுபக்கம் ஓட்டையாகவும் வருவது அடிக்கடி நடக்கிறது. கூட்டிய கண்ணியின் அடிப்பாகத்தை வாசிக்கத் தெரிந்துவிட்டால் இந்தக் கோளாறுகளில் முக்கால்வாசியை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு கண்ணிகளுக்கு நடுவே படுக்கையாக ஓடும் நூலை இங்கே இடைநூல் என்று சொல்கிறேன். எம்1எல், எம்1ஆர் இரண்டுமே அந்த இடைநூலைத் தூக்கி ஒரு முறுக்கு கொடுத்துப் புதுக் கண்ணியாக்கும் வேலைதான். முறுக்கு விழுந்த இடத்தில் இரண்டு இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். அங்கே எந்த இழை மேலே இருக்கிறது என்று பாருங்கள். மேலே இருக்கும் இழை கீழ்வலத்தில் தொடங்கி மேல்இடம் நோக்கி ஏறினால் அது இடம் சாயும் கண்ணி. கீழ்இடத்திலிருந்து மேல்வலம் நோக்கி ஏறினால் வலம் சாயும் கண்ணி. இழைகள் குறுக்கிடவே இல்லை, அடி ஒரு வளையம்போல் திறந்து கிடக்கிறது என்றால் முறுக்கே விழவில்லை என்று பொருள்.

செய்முறையையும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஊசியில் மாட்டிய வளையத்தில் ஊசிக்கு முன்னால் நிற்கும் பாதி முன்கால், பின்னால் நிற்கும் பாதி பின்கால். நிட் என்பது சாதாரணக் கண்ணி, பர்ல் என்பது அதன் மறுபக்கக் கண்ணி.

எம்1எல்: இடது ஊசியின் நுனியால் இடைநூலை முன்னிருந்து பின்னாகத் தூக்கி, அதன் பின்காலில் நிட் போடுங்கள்.

எம்1ஆர்: இடது ஊசியின் நுனியால் இடைநூலைப் பின்னிருந்து முன்னாகத் தூக்கி, அதன் முன்காலில் நிட் போடுங்கள்.

எந்தப் பக்கமாகத் தூக்கினீர்களோ, அதற்கு எதிர்ப்பக்கத்துக் காலில் நிட் போட வேண்டும் என்பதே இரண்டுக்கும் பொதுவான விதி. முன்னிருந்து நுழைந்தால் பின்கால், பின்னிருந்து நுழைந்தால் முன்கால். நான் நினைவில் வைத்திருப்பது இந்த ஒரு வரியைத்தான். இது தெரிந்திருந்தால் எல், ஆர் என்ற எழுத்துகள் குழம்பினாலும் ஓட்டை மட்டும் விழாது.

கூட்டிய இடத்தில் ஓட்டை தெரிகிறது

ஓட்டை எல்லாக் கூட்டலிலும் இருக்கிறதா, ஒரு பக்கத்துக் கூட்டலில் மட்டும் இருக்கிறதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

ஒரு பக்கம் மட்டும் என்றால் அது பெரும்பாலும் எம்1ஆர் பக்கமாகத்தான் இருக்கும். காரணம் இதுதான். பின்னிருந்து தூக்கிய இடைநூலின் முன்கால் இடது ஊசியோடு ஒட்டி இறுக்கமாக நிற்கும். அதற்குள் வலது ஊசியை நுழைப்பது கடினம். பின்கால் மட்டும் தளர்வாக, வா என்று கூப்பிடுவதுபோல் திறந்திருக்கும். கை தானாக அதற்குள் போய்விடும். நிட் சுலபமாக விழும், எண்ணிக்கையும் சரியாக இருக்கும், ஆனால் முறுக்கு விழுந்திருக்காது. அடுத்த இரண்டு வரிசை போட்ட பிறகுதான் அந்த இடத்தில் வெளிச்சம் தெரியும். எம்1ஆர் போடும்போது ஊசி சிரமமில்லாமல் நுழைந்துவிட்டால் சந்தேகப்படுங்கள். கொஞ்சம் இறுக்கமாக இருப்பதே அதன் இயல்பு.

இதைத் திருத்தப் பின்னலைப் பிரிக்க வேண்டியதில்லை. அந்தக் கண்ணிக்கு நேர் மேலே வரும்வரை பின்னுங்கள். அந்த ஒரே ஒரு கண்ணியை ஊசியிலிருந்து நழுவவிட்டு, கூட்டிய வரிசைவரை ஏணிபோல் இறங்கவிடுங்கள். அடியில் பழைய இடைநூல் தனியாகக் கிடைக்கும். குரோஷே ஊசியால் அதைத் தூக்கி, எந்த இழை மேலே வர வேண்டுமோ அது மேலே வருமாறு முறுக்குங்கள். பிறகு ஏணியின் ஒவ்வொரு படியையும் முன்பக்கமாக இழுத்து ஏற்றி, கடைசிக் கண்ணியை ஊசியில் மாட்டிவிடுங்கள். அதே நூல், அதே இடம் என்பதால் பத்து வரிசை கீழே இருந்தாலும் இப்படித் திருத்திவிடலாம். ஏற்றி முடித்ததும் சுற்றியுள்ள கண்ணிகளை ஊசி நுனியால் லேசாக இழுத்துச் சமன்செய்தால் போதும்.

முறுக்கு சரியாக இருந்தும் எல்லாக் கூட்டலிலும் சின்ன ஓட்டை தெரிகிறது என்றால் இறுக்கத்தில்தான் கோளாறு. நூலுக்கு ஊசி பெரிதாக இருக்கலாம். அல்லது பருத்தி போன்ற நெகிழ்வில்லாத நூலாக இருக்கலாம். கம்பளி நூலில் இந்தச் சின்ன இடைவெளிகள் துவைத்து விரித்துக் காயவைத்த பிறகு ஓரளவு மூடிக்கொள்ளும். பருத்தியில் அதை எதிர்பார்க்க முடியாது, ஊசியை ஓர் அளவு குறைத்துப் போட்டுப் பாருங்கள்.

சுற்றிச் சுற்றிப் பின்னும்போது ஒரே ஒரு இடத்தில் மட்டும் பெரிய ஓட்டை வருகிறதா? அந்தக் கூட்டல் இரண்டு ஊசிகள் சந்திக்கும் இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். அங்கே இடைநூல் ஏற்கெனவே நீண்டுபோயிருக்கும். எத்தனை முறுக்கினாலும் அந்த நீளம் எங்கும் போகாது. ஒரு கண்ணியையோ இரண்டையோ அடுத்த ஊசிக்கு மாற்றி, கூட்டும் இடம் ஊசியின் நடுப்பகுதியில் வருமாறு செய்துகொள்ளுங்கள்.

இரண்டும் ஒரே பக்கம் சாய்கின்றன

ஓட்டை இல்லை, ஆனால் ஜோடி கண்ணாடிப் பிம்பம்போல் எதிரெதிராக நிற்கவில்லை. முறுக்கு விழுந்திருக்கிறது, திசைதான் மாறிவிட்டது. இரண்டு முறையும் முன்னிருந்தே தூக்கியிருப்பீர்கள். கைப்பழக்கம் அப்படித்தான் இழுக்கும். திருத்தும் வழி மேலே சொன்னதுதான். ஏணி இறக்கி, முறுக்கை அவிழ்த்து, எதிர்த்திசையில் முறுக்கி ஏற்றுங்கள்.

சாய்வு எதிரெதிராக இருந்தும் பார்வைக்கு உறுத்துகிறது என்றால் ஜோடியின் வரிசைமுறையைக் கவனியுங்கள். நடுக்கோட்டுக்கு முன்னால் இடம் சாய்வதும் பின்னால் வலம் சாய்வதும் வந்தால் இரண்டு கண்ணிகளின் தலைகளும் கோட்டை நோக்கிக் குவியும். மாற்றிப் போட்டால் கோட்டிலிருந்து விலகி விரியும். இரண்டையும் பேட்டர்ன்களில் பார்க்கலாம், இரண்டுமே சரிதான். ஆனால் ஒரே ஆடையில் ஒரு தோளில் குவிவதும் மறு தோளில் விரிவதுமாக இருந்தால் அணிந்தவுடன் கண்ணில் படும். முதல் கூட்டல் வரிசையிலேயே முடிவுசெய்துகொண்டு கடைசிவரை அதையே தொடருங்கள்.

இடது கைப் பழக்கத்தில், அதாவது கண்ணிகளை வலது ஊசியிலிருந்து இடது ஊசிக்கு நகர்த்திப் பின்னுகிறவர்களுக்கு எல்லாமே தலைகீழ். எம்1எல் செய்முறையைக் கைமாற்றி அப்படியே செய்தால் வலம் சாயும் கண்ணிதான் வரும். செய்முறைகளின் பெயர்களை இடம்மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். அடியை வாசிக்கும் விதி மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

எம்1ஆர் போட ஊசி நுழையவே மறுக்கிறது

எம்1ஆர் இயல்பாகவே இறுக்கம் என்று சொன்னேன். ஆனால் ஊசி வளையும் அளவுக்குச் சிரமம் இருக்கக் கூடாது.

தூக்கிய இடைநூல் இடது ஊசியின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பாருங்கள். பருத்த பகுதிவரை தள்ளிவிட்டால் நூல் முழுச் சுற்றளவுக்கும் நீண்டு விறைத்துவிடும். கூர்ந்த நுனியிலேயே நிறுத்துங்கள். பிறகு வலது ஊசியை முதலில் பர்ல் போடுவதுபோல் முன்காலுக்குள் விட்டு, கீழ்நோக்கி மெதுவாக இழுத்துத் தளர்த்துங்கள். வெளியே எடுத்து இப்போது நிட் போல நுழையுங்கள். ஒரு நொடி வேலைதான், இதைச் செய்தாலே பெரும்பாலானவர்களுக்குத் தீர்ந்துவிடும். நுனி மழுங்கிய ஊசி என்றால் இந்த வரிசைக்கு மட்டும் கூர்நுனி ஊசியை எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியும் இறுக்கம் என்றால் இடைநூலே குட்டையாக இருக்கிறது. ஒவ்வொரு வரிசையிலும் ஒரே இடத்தில் கூட்டுகிறீர்களா? எம்1 கூட்டலுக்கென்று தனியாக நூல் வருவதில்லை. அக்கம்பக்கத்துக் கண்ணிகளிடமிருந்து கடன் வாங்கித்தான் அது நிற்கிறது. ஒரு வரிசை இடைவெளி விட்டால் துணி அந்தக் கடனைத் தாங்கும். ஒவ்வொரு வரிசையிலும் கேட்டால் சுருக்கம் விழும்.

அடுத்தடுத்த வரிசைகளில் கூட்டியே ஆக வேண்டிய பேட்டர்ன் என்றால் முறையை மாற்றுங்கள். கூட்டும் இடத்தில் யார்ன் ஓவர் போடுங்கள், அடுத்த வரிசையில் அதை முறுக்கிப் பின்னுங்கள். இடம் சாய வேண்டுமானால் நூலை ஊசியின் மேல் முன்னிருந்து பின்னாகச் சுற்றி, மறுபக்க வரிசையில் அதன் பின்காலில் பர்ல் போடுங்கள். வலம் சாய வேண்டுமானால் பின்னிருந்து முன்னாகச் சுற்றி, மறுபக்கத்தில் முன்காலில் பர்ல் போடுங்கள். இது தன் நூலைத் தானே கொண்டுவருகிறது, யாரிடமும் கடன் கேட்பதில்லை. பருத்தி நூலுக்கும் இறுக்கமாகப் பின்னுகிற கைகளுக்கும் நான் முதலில் சொல்வது இந்த முறையைத்தான். முறுக்கு அடுத்த வரிசையில்தான் விழுகிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. மறந்தால் அது வேண்டுமென்றே போட்ட லேஸ் ஓட்டைபோல் தெரியும்.

இரண்டு நிற நூல்களைப் பின்னால் ஓடவிட்டுப் பின்னும் வேலையிலும் இடைநூலைத் தூக்குவது தொல்லைதான். எந்த நிறம் கையில் வரும் என்று சொல்ல முடியாது. வேண்டிய நிற நூலை வலது ஊசியில் ஒரு முறுக்கு வளையமாக மாட்டிக்கொள்வது சுத்தம். வளையத்தை முறுக்கும் திசையை மாற்றினால் சாய்வும் மாறும்.

கூட்டிய இடத்தில் ஒரு படுக்கைக் கோடு தெரிகிறது

இது கோளாறு இல்லை. நீங்கள் எம்1 போடவில்லை, கேஎஃப்பி போட்டிருக்கிறீர்கள். ஒரே கண்ணியின் முன்காலில் ஒரு நிட், பின்காலில் ஒரு நிட் போடும் முறை அது. இரண்டாவது நிட்டின் அடியில் பர்ல் மேடு ஒன்று நிற்கும். கார்ட்டர் பின்னலில் (எல்லா வரிசையும் நிட் போடுவது) அது மற்ற மேடுகளோடு கலந்து மறைந்துவிடும், அங்கே தாராளமாகப் போடலாம். வழுவழுப்பான ஸ்டாக்கினெட் பரப்பில்தான் உறுத்தும்.

பேட்டர்ன் கேஎஃப்பி கேட்கிறது, ஆனால் இரு ஓரங்களிலும் கோடுகள் சமமாக நிற்கவில்லை என்றால் காரணம் இதுதான். மேடு எப்போதும் அந்தக் கண்ணியின் இடப்பக்கத்தில் விழும். வரிசையின் தொடக்கத்தில் முதல் கண்ணியில் போட்டால், ஒரு நிட், அடுத்து மேடு என்று வரும். முடிவில் கடைசிக் கண்ணியிலேயே போட்டால் மேடு விளிம்பில் போய் ஒட்டிக்கொள்ளும். கடைசிக்கு முந்தைய கண்ணியில் போடுங்கள். இரு பக்கமும் விளிம்புக்கு ஒரு கண்ணி உள்ளே தள்ளி மேடு சமமாக நிற்கும்.

மேடே வேண்டாம் என்றால் முன்காலில் நிட் போட்ட பிறகு பின்காலில் நிட் போடாமல், அந்தக் காலை அப்படியே வலது ஊசிக்கு மாற்றிவிடுங்கள். எண்ணிக்கை கூடும், கோடு வராது.

கூட்டிய இடத்தைச் சுற்றித் துணி சுருங்கி இழுக்கிறது

எம்1 என்றால் வரிசை இடைவெளிதான் காரணம், மேலே பார்த்தோம். கீழ்க் கண்ணியைத் தூக்கும் முறையில், அதாவது ஆர்எல்ஐ, எல்எல்ஐ போட்டிருந்தால் வேறு ஒன்றையும் பார்க்க வேண்டும்.

ஆர்எல்ஐ என்பது இடது ஊசியில் அடுத்து நிற்கும் கண்ணிக்குக் கீழே உள்ள கண்ணியின் வலது காலைத் தூக்கி நிட் போட்டு, அதன்பின் அந்தக் கண்ணியைப் பின்னுவது. எல்எல்ஐ என்பது கண்ணியைப் பின்னிய பிறகு, வலது ஊசியில் நிற்கும் அந்தக் கண்ணிக்குக் கீழே இறங்கி இடது காலைத் தூக்குவது. எத்தனை வரிசை இறங்குவது என்பதில்தான் தவறு நடக்கிறது. ஆர்எல்ஐ-க்கு ஒன்று, எல்எல்ஐ-க்கு இரண்டு. எல்எல்ஐ-யில் கண்ணியை ஏற்கெனவே பின்னி முடித்துவிட்டதால் எல்லாம் ஒரு படி கீழே போயிருக்கும். அதை மறந்து ஒரு வரிசை மட்டும் இறங்கினால், இப்போதுதான் பின்னிய கண்ணியின் அடியையே பிடித்து இழுப்பீர்கள். அங்கே கட்டிபோல் தடித்து நிற்கும், வலப்பக்க ஜோடியோடு உயரமும் ஒத்துப்போகாது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. எம்1 முறுக்கினால்தான் சரி, இது முறுக்காமல் இருந்தால்தான் சரி. தூக்கிய கால் திறந்தபடி நிற்க வேண்டும். எல்எல்ஐ-யில் இடது ஊசியில் வந்து உட்கார்ந்த வளையத்தின் எந்தக் கால் வழியாகப் போனால் அது திறக்கிறது என்று பார்த்து, அந்தக் கால் வழியாகவே நிட் போடுங்கள். பெரும்பாலும் அது பின்காலாக இருக்கும். சரியாக விழுந்தால் இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத கூட்டல் வேறில்லை. ஆனால் கீழ் வரிசையையே இழுப்பதால் நெருக்கமாகக் கூட்டும் இடங்களுக்கு ஒத்துவராது. குறைந்தது இரண்டு வெற்று வரிசைகளாவது நடுவில் இருக்கட்டும்.

பின்பக்க வரிசையில் கூட்டினால் குழப்பம்

பர்ல் வரிசையிலும் தூக்கும் விதி மாறாது. இடம் சாய முன்னிருந்து தூக்கிப் பின்காலில் பர்ல், வலம் சாயப் பின்னிருந்து தூக்கி முன்காலில் பர்ல். பின்பக்கம் போட்டால் முகப்பக்கத்தில் சாய்வு தலைகீழாகிவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். ஆகாது. துணியைத் திருப்பினாலும் முறுக்கின் திசை மாறாது, இடம் சாயும் கண்ணி இரு பக்கத்திலிருந்தும் இடம்தான் சாயும். மாறுவது ஓரங்கள்தான். பின்பக்க வரிசையின் தொடக்கம் முகப்பக்கத்தில் இடது ஓரம். முகப்பக்கத்தின் இடது ஓரத்தில் எந்தச் சாய்வு வேண்டுமோ, பின்பக்க வரிசையின் தொடக்கத்தில் அதையே போடுங்கள்.

பர்ல் பின்காலில் போடுவது கைக்குச் சிரமம். வலது ஊசியைப் பின்னால் கொண்டுபோய் இடப்பக்கமிருந்து நுழைத்து நுனியை முன்னால் எட்டிப்பார்க்கவிட்டால் வழி கிடைக்கும்.

மார்க்கருக்கு இருபுறமும் போட்டால் இரண்டாவது வரவே மாட்டேன் என்கிறது

மார்க்கருக்கு (இடத்தைக் குறிக்க ஊசியில் மாட்டும் வளையம்) முன்னால் ஒரு எம்1, மார்க்கரை நகர்த்தியதும் உடனே இன்னொரு எம்1. நடுவில் நிட் எதுவும் இல்லை. அங்கே இருப்பதோ ஒரே ஒரு இடைநூல், முதல் கூட்டல் அதை எடுத்துக்கொண்டுவிட்டது. இரண்டாவதற்கு மிஞ்சுவது ஒரு துணுக்கு மட்டும். பேட்டர்னை மறுபடி பாருங்கள், பெரும்பாலும் நடுவில் ஒரு நிட்டையாவது தவறவிட்டிருப்பீர்கள். உண்மையிலேயே நிட் இல்லை என்றால் முறுக்கு வளையமாக ஊசியில் மாட்டுங்கள்.

எண்ணிக்கை ஒத்துவரவில்லை

ராக்லனில் நான்கு கோடுகள், கோட்டுக்கு இரண்டு, ஆக ஒவ்வொரு கூட்டல் சுற்றுக்கும் 8 கண்ணிகள் கூடும். 80-இல் தொடங்கினால் 10 கூட்டல் சுற்றுகளுக்குப் பிறகு 160 இருக்க வேண்டும். 159 என்றால் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. முழுவதையும் எண்ணாமல் மார்க்கருக்கு மார்க்கர் எண்ணுங்கள், எந்தப் பகுதி குறைகிறது என்று தெரிந்துவிடும்.

கட்டைவிரல் முக்கோணம் ஒரு கண்ணியின் இருபுறமும் தொடங்கினால் 3, 5, 7 என்று ஒற்றைப்படையாகவே வளரும். 15 கண்ணிகள் வர 7 கூட்டல் சுற்றுகள் தேவை. மூன்று சுற்றுக்கு ஒருமுறை கூட்டினால் முதல் கூட்டலிலிருந்து கடைசிக் கூட்டல்வரை 19 சுற்றுகள். முக்கோணத்தில் இரட்டைப்படை எண் வந்தால் அங்கேயே நிறுத்திப் பாருங்கள்.

விட்டுப்போன கூட்டல் இரண்டு மூன்று வரிசைக்குள் இருந்தால் சேர்த்துவிடலாம். அது இருக்க வேண்டிய இடத்துக்கு நேர் மேலே வந்து, அந்த வரிசையின் இடைநூலைக் குரோஷே ஊசியால் தூக்கி முறுக்குங்கள். அதற்கு மேலே உள்ள இடைநூல்களை ஒவ்வொன்றாக இழுத்து ஏற்றி ஊசியில் மாட்டுங்கள். ஓட்டையைத் திருத்தியதுபோல்தான் தோன்றும், ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே நூல் ஏற்கெனவே இருந்தது. இங்கே இல்லாத கண்ணிக்கு நூலை அக்கம்பக்கத்திலிருந்து பிடுங்குகிறோம். நான்கு வரிசைக்கு மேல் போனால் அந்தப் பத்தி விறைத்து நிற்கும். அதைவிட நிகழும் வரிசையிலேயே அந்த ஒரு கண்ணியைக் கூட்டிவிட்டு மேலே போவது நல்லது. அடிக்கடி கூட்டும் கோட்டில் ஒரு கூட்டல் இரண்டு வரிசை தள்ளி நின்றால் யாருக்கும் தெரியாது.

வரிசை முழுக்கப் பரவலாகக் கூட்டும்போது இந்தச் சாய்வுக் கணக்கெல்லாம் வேண்டாம், ஒரே வகையை எல்லா இடத்திலும் போடுங்கள். 60 கண்ணிகளை 72 ஆக்க வேண்டுமானால் 12 கூட்டல்கள், அதாவது 5 கண்ணிக்கு ஒன்று. முதலில் 2 நிட், பிறகு ஒரு எம்1 தொடர்ந்து 5 நிட் என்று 11 தடவை, கடைசியாக ஒரு எம்1, 3 நிட். இப்படித் தொடங்கினால் விளிம்போடு ஒட்டிக் கூட்டல் விழாது. விளிம்புக் கண்ணியை ஒட்டிக் கூட்டினால் ஓரம் பல்பல்லாகி, பிறகு தைத்து இணைக்கும்போது தையல் கோடு நேராகப் போகாது.